அது ஜரீனாக்காவின் தோட்டா அல்ல

செவ்வாய்க்கிழமை காலை, துறைமுக வாசலில் கண்டெய்னர் லாரிகளின் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. எங்கள் ரைஃபிள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஒரு செய்தி போட்டிருந்தார். "நமது கிளப்பின் தூணாக விளங்கிய அன்புச் சகோதரி ஜரீனா அவர்கள் இன்று அதிகாலை மாரடைப்பால் இயற்கை எய்தினார். இதயப்பூர்வமான அஞ்சலி." கீழே ஒரு படம். ஏதோ ஒரு குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. அவருடைய தோளுக்குப் பக்கத்தில் வேறு யாருடைய கையோ பாதி தெரிந்தது. அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

ஜரீனாக்கா அந்தக் குழுவில் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு அவரை அதிலிருந்து நீக்கியவர் இதே செயலாளர்தான். இன்று கும்பிடும் கைகளில் ஒன்றுகூட அன்று தடுக்க உயரவில்லை. என் கையும்தான்.

சற்று நேரத்தில் செயலாளர் எனக்கு போன் செய்தார். "ஆண்டு மலர்ல ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க தேவராஜ். உங்களுக்குத்தான் அவங்கள நல்லாத் தெரியும். நல்ல விஷயமா மட்டும் எழுதுங்க, என்ன?" என்றார். எழுதுகிறேன். ஆண்டு மலரில் இது வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஜரீனாக்காவை அறிந்தவர்கள் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நெட்டுக்குப்பத்திலும் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இது.

அவரை கிளப்புக்கு அழைத்துப் போனவன் நான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த ஓர் எஞ்சின் உதிரிபாகத் தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர் அவர். என் மைத்துனன் அதே தொழிற்சாலையில் இருந்தான். எங்கள் கிளப்பில் தோட்டா தயாரிக்கும் அறையில் ஒரு தராசு இருந்தது. அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எடை காட்டியது. "ஒரு அம்மா கீறாங்க, அவங்க வந்து பாத்தா சரியாய்டும்" என்று மைத்துனன் சொன்னான்.

முந்நூறு மீட்டர் தூரத்தில் சுடுகிறவர்களுக்கு அந்தத் தராசு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். கடையில் வரும் தோட்டா அத்தனை தூரத்துக்கு ஒழுங்காகப் போவதில்லை. ஒன்றில் மருந்து இம்மி கூடுதல், இன்னொன்றில் இம்மி குறைவு. பக்கத்தில் சுட்டால் அது தெரியாது. முந்நூறு மீட்டரில் ஒரு சாணுக்கு மேல் தள்ளி விழும். அதனால் சுட்ட பித்தளைக் கூட்டையே மறுபடி எடுத்து, சுத்தம் செய்து, மருந்தை அளந்து போட்டு, முனையில் குண்டை அழுத்தி, தங்கள் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தாங்களே தயாரிப்பார்கள். எங்கள் கிளப்புக்கு அதற்கு உரிமம் இருந்தது. உரிமத்தின்படி அந்த ஓர் அறையில்தான், பதிவேட்டில் எழுதித்தான், பொறுப்பானவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.

எண்ணூர் கழிமுகத்தைத் தாண்டி, உப்பளத்துப் பக்கம் எங்கள் சுடுதளம். மே மாத வெயில். தகரக் கூரை. ஜரீனாக்கா உள்ளே வந்ததும் முதலில் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு கதவைச் சாத்தினார். பிறகு கடல் பக்கத்து ஜன்னலையும். அறையில் இருந்த ஐந்து பேரும் வேர்த்து வழிந்தோம்.

"இன்னா மேடம், சாவடிக்கிறீங்க" என்றார் ஒருவர்.

"தராசுக்கு ஒண்ணும் இல்ல சார். தலைக்கு மேல ஃபேன் ஓடுது, தட்டு ஆடுது. நீங்க காத்தையும் சேத்து எடை போட்டுகினு கீறீங்க" என்றார் அவர்.

அதோடு நிற்கவில்லை. மேசையை விரலால் தேய்த்துக் காட்டினார். விரல் நுனி சாம்பல் நிறமாக இருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல். "இது கூட்டுக்குள்ள போவுது. மெஷின்ல போவுது. கலீஜா கீது ரூமு. இத்த வெச்சுகினு முந்நூறு மீட்டர்ல ரூபாத் துட்டு அளவுக்கு சுடணும்னா எப்டி?" என்று கேட்டார். அறையை அன்று அவரே துடைத்தார். மறு ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமல் தானே வந்தார்.

அவர் துப்பாக்கி சுட்டதில்லை. சுட ஆசைப்பட்டதும் இல்லை. ஒரு பொருளை நூறு முறை செய்தால் நூறும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. "உங்களுக்கு மெடலு. எனக்கு இந்தப் பத்தும் ஒண்ணா கீதான்றது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அப்போது எங்கள் தோட்டாக்களுக்கு ஒரு நோய் இருந்தது. பத்து சுட்டால் ஆறு ஒரு கூட்டமாகவும் நான்கு அதற்கு மேலே ஒரு கூட்டமாகவும் விழும். கடல் காற்று என்றோம். துப்பாக்கிக் குழல் தேய்ந்துவிட்டது என்றோம். செயலாளர் மருந்தையே மாற்றிப் பார்த்தார். ஜரீனாக்கா எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். "ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் மாத்தணும். நாலு மாத்துனா எது கெடுத்துச்சின்னு எப்டித் தெரியும்?"

ஒவ்வொரு பித்தளைக் கூட்டின் மேலும் அழியாத மையால் எண் எழுதினார். மசிப்புட்டியும் மெல்லிய தூரிகையும் தொழிற்சாலைப் பழக்கம். சுடுகிற வரிசையைப் பதிவேட்டில் எழுதினார். இலக்குகளுக்குக் கீழே காங்கிரீட் குழியில் அந்தோணி உட்கார்ந்திருப்பான். நெட்டுக்குப்பத்துக்காரன், நாற்பது வயது. கழிமுகத்தில் மீன் குறைந்தபின் இலக்கு மாற்றும் வேலைக்கு வந்தவன். ஒவ்வொரு சூட்டுக்கும் இலக்கை இறக்கி, ஓட்டை எங்கே என்று அளந்து, வாக்கி டாக்கியில் சொல்வான்.

"அக்கா, ஏழாம் நம்பரு. மேல, ரெண்டு விரக்கடை."

"விரக்கடை வாணாம் அந்தோணி. ஸ்கேலு வெச்சுச் சொல்லு. சுமாருன்றத அந்தக் குழிலயே வுட்டுடு."

நான்கு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு பிற்பகல் அவர் பதிவேட்டை என் முன்னால் திருப்பி வைத்தார். மேலே விழுந்த எண்கள் எல்லாவற்றையும் வட்டமிட்டிருந்தார். அந்தக் கூடுகளைக் காலியாக எடை போட்டிருந்தார். எல்லாமே மற்றவற்றைவிடக் கனம். இரண்டு வெவ்வேறு தயாரிப்புக் கூடுகள் ஒன்றாகக் கலந்திருந்தன. கனமான கூட்டின் சுவர் தடிமன், உள்ளே இடம் குறைவு. அதே மருந்து சின்ன இடத்தில் எரியும்போது அழுத்தம் கூடுகிறது, குண்டு வேகமாகப் போகிறது, மேலே விழுகிறது. ஆறு வருடம் நாங்கள் காற்றைத் திட்டியிருந்தோம். குற்றவாளி எங்கள் டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

கூடுகளைப் பிரித்தோம். அந்த வருடம் நான் சுட்ட பத்தும் ஒரு தேநீர்த் தட்டுக்குள் அடங்கின. அந்தோணி குழியிலிருந்து வாக்கி டாக்கியில் கத்தியது இன்றும் காதில் இருக்கிறது. "அக்கா, பத்தும் ஒரே வூட்ல கீது!"

போட்டியில் கோப்பை வென்றோம். அதைக் கொண்டாட கிளப்பில் ஒரு விருந்து. தலைவர் மைக்கைப் பிடித்து, செயலாளரின் "தொழில்நுட்ப வழிகாட்டுதலை"ப் பத்து நிமிடம் பாராட்டினார். கடைசியில் கையைக் காட்டி, "நம்ம ஜரீனாம்மாவையும் சொல்லணும். அவங்க வீட்டு பிரியாணி மாதிரியே பக்குவமாத் தோட்டா செஞ்சு கொடுக்கறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜரீனாக்கா எழுந்தார். "எனக்கு பிரியாணி வராது சார். எங்க வூட்ல அவருதான் ஆக்குவாரு, அது அவரு தொழிலு. எனக்கு அளவு வரும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் கணவர் காதர் பாய் கல்யாணங்களுக்குச் சமைப்பவர். அன்றைய விருந்துக்கும் அவர்தான் சமைத்திருந்தார். அண்டாவுக்குப் பின்னால் நின்று கைதட்டியது அவர் ஒருவர் மட்டும்தான்.

இனி, செயலாளர் எழுத வேண்டாம் என்று நினைக்கிற பகுதிக்கு வருகிறேன்.

கோப்பைக்குப் பிறகு கிளப்புக்குப் புதிதாகச் சிலர் வந்தார்கள். செயலாளரின் நண்பர் ஒருவர் வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்று வாங்கினார். அவருக்கு வேகம் வேண்டும். இன்னும் வேகமாகப் போனால் காற்று குறைவாகத் தள்ளும் என்று எங்கோ படித்திருந்தார். செயலாளர் ஜரீனாக்காவிடம் வந்து, "மருந்தக் கொஞ்சம் ஏத்திப் போடுங்கம்மா" என்றார். நான் அந்த அறையில் இருந்தேன்.

"முடியாது சார்."

"புத்தகத்துல இன்னும் கொஞ்சம் போகலாம்னுதான் போட்டிருக்கு."

"புத்தகம் எழுதுனவன் எண்ணூரு வெயில்ல நின்னு எழுதல சார். நானு நானூறு சுட வெச்சுப் பாத்து இங்க நின்னுகினு கீறேன். இதுக்கு மேல போனா, சுட்டதும் தொறக்குற போல்ட்டு இறுகுது. அது சொல்றது காதுல வுழணும். மருந்து மொதல்ல சொல்லும். அப்பால சொல்லாது."

செயலாளர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் ஜரீனாக்காவின் மூத்த மகளுக்கு நிக்காஹ். பத்து நாள் விடுப்பு எடுத்தார். தோட்டா அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று அவரிடம், மற்றது செயலாளரின் மேசை இழுப்பறையில். அவர் இல்லாதபோது அறை திறக்கக் கூடாது என்று விதி. அது கதவிலேயே ஒட்டியிருந்தது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் டியூட்டியில் இருந்தேன், சுடுதளத்தில் இல்லை. அங்கே நடந்ததை அந்தோணி சொல்லித்தான் அறிந்தேன். செயலாளரும் அவர் நண்பரும் காலையில் ஒரு தோட்டாப் பெட்டியோடு வந்தார்கள். பெட்டியின் மேல் ஜரீனாக்காவின் கையெழுத்தில் நாற்பத்தொன்று என்று எண் இருந்தது. நண்பரின் புதுத் துப்பாக்கி அங்கே இருந்தது. ஆனால் அவர்கள் அதை எடுக்கவில்லை. கிளப்பின் பழைய துப்பாக்கியை எடுத்தார்கள். குழியிலிருந்து அந்தோணியைக் கூப்பிட்டார்கள்.

"உனக்குத்தான் சுடத் தெரியுமே. நீயே அஞ்சு சுட்டுப் பாரு" என்று ஐந்து தோட்டாக்களை அவன் கையில் கொடுத்தார் செயலாளர்.

அந்தோணிக்கு அது பெருமை. நான்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், ஒன்றைத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டான். போல்ட்டைத் திறக்க முடியவில்லை. உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தான்.

"சார், இறுகிகீது சார். சத்தமும் வேற மாதிரி கீது."

"ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு சுடு."

இரண்டாவதில் கூடு பின்பக்கமாகக் கிழிந்து வெடித்தது. அந்தோணியின் வலது கண் போய்விட்டது.

சொந்தத் துப்பாக்கியில் ஏன் சுடவில்லை? சொந்தக் கையால் ஏன் சுடவில்லை? அவர்களுக்குப் பயம் இருந்தது. தாங்கள் போட்டிருப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பயத்தை நெட்டுக்குப்பத்து மனிதன் ஒருவனின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள்.

கிளப் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. மூன்று பேர். மூன்றாவது ஆள் நான். பெட்டியில் ஜரீனாக்காவின் எண் இருந்தது என்பதுதான் செயலாளரின் ஒரே வாதம். அறையை யார் திறந்தது என்று கேட்டேன். "அவங்க ஏற்கெனவே தயார் பண்ணி வச்சிருந்தது, அலமாரியில இருந்து எடுத்தேன்" என்றார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். வந்தது. என் கண்ணால் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் பெட்டியின் ஐம்பது தோட்டாக்களும் இரண்டு மாதத்துக்கு முன்பே சுடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்பதுகூட அவர் கையெழுத்தில் இருந்தது. அது ஒரு காலிப் பெட்டி. யாரோ அதில் வேறு தோட்டாக்களைப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த அமர்வுக்கு நான் போனபோது பதிவேடு இல்லை. "எந்த நோட்டு?" என்று கேட்டார் செயலாளர். குழுவின் மற்ற இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போனார். அறிக்கை இந்த வாரம் போகவில்லை என்றால் காப்பீட்டில் இருந்து அந்தோணியின் சிகிச்சைக்கு எதுவும் வராது என்றார். தயாரிப்பில் கவனக்குறைவு என்று பொதுவாகத்தான் எழுதியிருக்கிறோம், யார் பெயரும் இல்லை என்றார். அந்த அறையில் தோட்டா தயாரிப்பவர் ஒரே ஒருவர்தான். பெயர் தேவையே இல்லை. அது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

அந்தோணிக்காகப் போட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்கப் பொய்யும் இல்லை அது. ஆனால் அந்த வருடக் கடைசியில் தேசியப் போட்டி இருந்தது. அணியில் யார் போக வேண்டும் என்பதைச் செயலாளர்தான் முடிவு செய்வார். அதுவும் கையெழுத்துப் போடும்போது என் மனதில் இருந்தது. இதை இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

ஒரு வாரத்தில் ஜரீனாக்கா கிளப்பிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த நாள் மாலை எம்.கே.பி. நகரில் என் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் மாடி, மூச்சு வாங்க ஏறி வந்தார். என் மனைவி தேநீர் கொடுத்தாள். தொடவில்லை.

"நாப்பத்தொண்ணாம் பொட்டி காலின்னு நோட்ல நீ பாத்தியா இல்லியா தேவா?"

"பாத்தேங்க்கா."

"அப்ப எழுதுனது இன்னா?"

"அந்தோணி ஆஸ்பத்திரி செலவுக்கு..."

"அந்தோணி பேர இஸ்துகினு வராத. அவன் கண்ண எடுத்தவனுக்கு நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, அவனுக்காவன்னு சொல்ற பாரு. அதுதான் வவுறு எரியுது எனக்கு."

நான் தலையைக் குனிந்திருந்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "இருபத்திரண்டு வருஷம் கம்பெனில ஒரு பீஸு கூட நான் பாஸ் பண்ணது திரும்பி வந்ததில்ல. இப்ப ஊர்ல இன்னா சொல்றாங்க தெரியுமா? பாய் வூட்டு அம்மா வெடிமருந்து வெச்சு ஆளக் காயம் பண்ணிட்டாங்கன்னு சொல்றாங்க. என் பொண்ணு புகுந்த வூட்ல கேக்கறாங்க" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார். படியிறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

அந்த வாரமே அவர் நெட்டுக்குப்பத்துக்குப் போனார். அந்தோணி கட்டோடு படுத்திருந்தான். அவன் மனைவி ஸ்டெல்லா, ரத்தம் பட்ட சட்டையைத் துவைக்க மனம் வராமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்தபோதே பையில் ஏதோ கனமாக இருந்தது என்றாள். சட்டைப் பையில் மூன்று தோட்டாக்கள்.

அந்தோணி பிறகு என்னிடம் சொன்னான். "அக்கா அத்தத் தொடவே இல்லண்ணா. கைய ரெண்டையும் பின்னால கட்டிக்கினாங்க. நான் தொட்டா நானே மாத்திட்டேன்னு சொல்லுவானுங்க, ஸ்டெல்லா, நீயும் தொடாத, பக்கத்து வூட்ல ரெண்டு பேரக் கூப்புடுன்னாங்க."

பையின் வாயைக் கட்டியபடியே, இரண்டு சாட்சிகளோடு, போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். முதல் நாள், கிளப் விவகாரம் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் இன்ஸ்பெக்டர் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் போய் நிலையத்து வாசலில் நின்றவர், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. "வெடிக்கிற பொருளு சார் இது. வாங்கிக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க, எடுத்துகினு போறேன்" என்றார். எழுதிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டார். கொடுத்தார்கள். ரசீதில் மூன்று தோட்டா என்பதை எண்ணிலும் எழுத்திலும் எழுத வைத்துவிட்டுத்தான் வந்தார்.

அரசு ஆய்வகத்திலிருந்து அறிக்கை வர ஒன்றரை வருடம் ஆனது. மூன்று தோட்டாக்களிலும் இருந்தது கிளப் வழக்கமாகப் பயன்படுத்தும் மருந்தே அல்ல. எரியும் வேகம் அதிகமான வேறு மருந்து, அதுவும் அளவுக்கு மீறி. ஜரீனாக்கா ஒவ்வொரு கூட்டிலும் எழுதும் எண் அவற்றில் எதிலும் இல்லை. செயலாளர் இரண்டாம் சாவியை எடுத்து அறையைத் திறந்ததைக் கிளப் காவலாளி போலீஸில் சொன்னார். செயலாளர் மேல் வழக்குப் பதிவானது. முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்துக்கு வந்து எல்லோரிடமும் கைகுலுக்கினார். வழக்கு நடக்கிறது. அவர் இன்னும் செயலாளர்.

அந்த அறிக்கையை நான் பொதுக்குழுவில் படித்தேன். எங்கள் விசாரணை முடிவை ரத்து செய்ய வேண்டும், ஜரீனாக்காவிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய விஷயம் தேவராஜ். இப்ப கிளறி யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். வாக்கெடுப்பு வைத்தார்கள். என் கையோடு சேர்த்து இரண்டு கைகள் உயர்ந்தன. அறிக்கை பெறப்பட்டது, கோப்பில் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரியில் எழுதி முடித்தார்கள். அன்று நான் கிளப்பை விட்டு விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. நான் கோபப்படுகிறவர்களின் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது.

அடக்கத்தன்று நானும் அந்தோணியும் ராயபுரத்தில் ஜனாஸா ஊர்வலத்தோடு நடந்தோம். காதர் பாய் முன்னால் தோள் கொடுத்துப் போனார். அடக்கம் செய்யும் கபரஸ்தானின் வாசலை நெருங்கும்போது ஒரு கார் வந்து நின்றது. செயலாளர் இறங்கினார். டிரைவர் பெரிய மலர் வளையத்தை எடுத்தார், கிளப்பின் பெயர் தங்க எழுத்தில் எழுதியது.

அந்தோணி வாசலின் குறுக்கே போய் நின்றான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். அதை அவன் பொதுவில் கழற்றி நான் பார்த்ததில்லை.

"இன்னா சார், மாலையா? அக்காவுக்குப் பூ வாணாம். அக்கா தப்புப் பண்ணிச்சின்னு ஒரு கடுதாசி வெச்சுகினு கீறீங்களே, அத்த இஸ்துகினு வந்து இங்க நின்னு கிழி. அப்பால உள்ள போலாம்."

"அந்தோணி, இது துக்க நேரம். நாகரிகமா..."

"நாகரிகமாத்தான் சொல்றேன் சார். கெளம்பு."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் சமாதானம் செய்வேன் என்று நினைத்திருப்பார், பல வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நான் அந்தோணிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். காதர் பாய் திரும்பிப் பார்த்தார், மறுபடி முன்னால் நடந்தார். கார் திரும்பிப் போனது. நாங்கள் உள்ளே போய் ஆளுக்கு மூன்று கை மண் போட்டோம்.

மறுநாள் விசாரணை அறிக்கையில் போட்ட என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவும், நாற்பத்தொன்றாம் பெட்டி காலி என்பதைப் பதிவேட்டில் கண்ணால் பார்த்ததாகவும், பதிவேடு காணாமல் போனபோது வாய் திறக்கவில்லை என்றும் கிளப்புக்கும் போலீஸுக்கும் பதிவுத் தபாலில் எழுதி அனுப்பினேன். கிளப்பிலிருந்தும் விலகினேன். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள் என்று வக்கீல் ஒருவர் சொல்கிறார். போவேன். என்னைக் குறுக்கு விசாரணையில் கிழிப்பார்கள். கிழிக்கட்டும். ஜரீனாக்கா உயிரோடு இருக்கும்போது செய்திருந்தால் அதற்கு மதிப்பு இருந்திருக்கும்.

ஆய்வக அறிக்கை வந்த வாரம் அதன் நகலை எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "மூணாவது தோட்டாவுக்கு எடை மட்டும் போட்டுகீறான், கூட்ட அளக்கல பாரு" என்றார். படித்து முடித்து மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே காதர் பாய் வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னை மன்னிச்சுடுங்கக்கா" என்றேன்.

"மன்னிக்கல தேவா. மன்னிச்சிட்டேன்னு சொன்னா அது பொய்யாய்டும். நீ வா, போ, சாப்புடு, உன் புள்ள கல்யாணத்துக்குக் கூப்புடு, வரேன். ஆனா நான் மன்னிச்சிட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாத" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "தேவாவுக்கு ஒரு தட்டு வைங்க" என்று குரல் கொடுத்தார். அன்று அங்கே சாப்பிட்டேன். அதன் பிறகு அவர் இறக்கும்வரை மாதத்துக்கு ஒருமுறையாவது பேசினோம். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அவரைப் பற்றி எழுதும் எல்லோரும் பெரிய மனசு என்று எழுதுவார்கள். எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்று எழுதுவார்கள். அவர் எதையும் மறக்கவில்லை, யாரையும் மன்னிக்கவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மன்னிக்காத வார்த்தைதான். அதில் ஒரு இம்மியும் குறைக்காமல் வைத்துக்கொள்வேன்.